வெண்ணெய் போடாத ரோஸ்கா

அபிசாகோ ஊரில் எடெல்மிராவின் ரொட்டியைக் குறை சொன்னவர் யாரும் கிடையாது. அதைத் தின்று குண்டாகிவிட்டோம் என்று புலம்பியவர்கள் உண்டு. கை அவ்வளவு தாராளம். வேலை தேடி எல்லை தாண்டிப் போன கணவன் கடிதம் போடுவதை நிறுத்தியபோது அவளுக்கு இருபத்தாறு வயது. ஒரு வாரம் அழுதாள். அடுத்த வாரம் கொல்லையில் ரொட்டி அடுப்பு ஒன்று கட்டிக்கொண்டாள். மாவு பிசையத் தெரியாது. பிசைந்து பிசைந்தே கற்றுக்கொண்டாள். முப்பத்தைந்து வருடமாக அந்த அடுப்புதான் அவளுக்குப் புருஷன், மகள் நோயெமிக்கு அப்பன்.

ஜனவரி ஆறாம் தேதி, மூன்று ராஜாக்கள் திருநாளுக்கு அவள் சுடும் ரோஸ்காவுக்கு டிசம்பரிலேயே ஆட்கள் சொல்லிவைத்துவிடுவார்கள். முட்டை மஞ்சள் கருவிலும் வெண்ணெயிலும் ஊறிய பெரிய வளைய ரொட்டி அது. மேலே சர்க்கரைப் பட்டை, பழத் துண்டுகள். உள்ளே ஒளித்துவைத்த குழந்தை இயேசுவின் குட்டிப் பொம்மை. யார் துண்டில் பொம்மை வருகிறதோ, அவர் பிப்ரவரி இரண்டாம் தேதி எல்லோருக்கும் சோளத் தோகையில் அவித்த தமால் போட வேண்டும். தப்பிக்கவே முடியாது.

அப்பேர்ப்பட்டவள் இந்த வருடம் வெண்ணெய் போடாமல் ரோஸ்கா சுடக் கிளம்பினாள். எல்லாம் அண்ணன் ஃபிடென்சியோவுக்காக.

ஃபிடென்சியோ ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். சர்க்கரை வியாதி முற்றி, இடது காலில் இரண்டு விரல்கள் கறுத்துவிட்டன. இந்த மாதமே அவற்றை எடுத்துவிட்டால் பிழைக்கலாம், விட்டால் விஷம் மேலே ஏறும் என்று டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார். இவரோ, "முழுசாப் பொறந்தேன், முழுசாவே போறேன்" என்று கதவைச் சாத்திக்கொண்டார். போன வருட ரோஸ்காவுக்கே அவர் வரவில்லை. "நீங்க திங்கிறதப் பாத்து நான் எச்சில் முழுங்கணுமா?" என்று கேட்டார்.

எடெல்மிராவைத் தின்றது இன்னொரு நினைப்பு. அந்த அடுப்பில் சூடாக எடுத்த முதல் ரொட்டி தினமும் அண்ணன் வீட்டுக்குத்தான் போனது.

"என் கையாலயே ஊட்டி ஊட்டி அவரைக் கெடுத்துட்டேன்டி" என்றாள் மகளிடம்.

"அம்மா, மாமா குடிச்ச கோலாவையும் நீயா ஊத்திக் குடுத்த?" என்று நோயெமி அதட்டினாள். எடெல்மிராவின் காதில் விழவில்லை.

முதல் ரோஸ்காவை முழுக் கோதுமை மாவில் சுட்டாள். மருமகன் உபால்தோ அதை மேசைமேல் தட்டிப் பார்த்தான். "அத்தை, இன்னும் நாலு சுட்டுக் குடுங்க, மதில் எடுத்துடலாம்." இரண்டாவதில் சர்க்கரைக்குப் பதிலாக ஏதோ பொடியைப் போட்டாள். அதன் கசப்பு மறுநாள்வரை நாக்கை விட்டுப் போகவில்லை. மூன்றாவதற்கு முழுக் கோதுமை மாவையும் மைதாவையும் பாதிக்குப் பாதி கலந்தாள். வெண்ணெய்க்குப் பதில் தயிரும் கொஞ்சம் ஆலிவ் எண்ணெயும். மூன்று கப் சர்க்கரை போடும் இடத்தில் முக்கால் கப். சோம்பும் ஆரஞ்சுத் தோல் துருவலும் சேர்த்துப் பிசைந்து, அவசரப்படாமல் பொங்க விட்டாள். மேலே சர்க்கரைப் பட்டை இல்லை. பாதாம் பொடியும் காய்ந்த அத்திப் பழமும்தான். வெந்து வந்ததைப் பிய்த்து வாயில் போட்டாள். ரோஸ்கா என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் ரோஸ்காவுக்குத் தூரத்துச் சொந்தம் என்று தாராளமாகச் சொல்லலாம்.

உடனே போனை எடுத்தாள். "அண்ணே, உங்களுக்குன்னே சுடறேன். டாக்டர்கிட்டயும் கேட்டுட்டேன், விரல் கனத்துக்கு ஒரு துண்டு சாப்பிடலாமாம். வந்தே ஆகணும்."

"நோயாளி ரொட்டியா? அதுக்கு நான் டாக்ஸி வச்சு வேற வரணுமா?"

"உபால்தோ வண்டி கொண்டு வருவான். வரலேன்னா நான் ரோஸ்காவைத் தூக்கிக்கிட்டு அங்க வந்துடுவேன். தெருவே வேடிக்கை பாக்கும்."

திருநாளன்று மாலை ரோஸ்கா ஆறிக்கொண்டிருந்தது. பிளாஸ்டிக் பொம்மை அடுப்பில் உருகிவிடும் என்பதால், சுட்ட பிறகுதான் அடிப்பக்கமாகச் செருகுவாள். மூன்று பொம்மைகளைக் கையில் எடுத்த நேரம் பார்த்து வாசலில் ஹாரன் கேட்டது. கையில் இருந்ததை ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டு ஓடினாள். ஊன்றுகோலும் கையுமாக அண்ணன் இறங்கினார். சட்டை தொளதொளவென்று தொங்கியது. பார்க்கச் சகிக்கவில்லை அவளுக்கு.

மேசையைச் சுற்றி நான்கு பேர். சுடச்சுடச் சாக்லேட் பானம். அவருக்கு மட்டும் சர்க்கரை இல்லாமல். அவரவர் துண்டை அவரவரே வெட்டினார்கள்.

"மாமா கன்னத்தைப் பாத்துக்கிட்டே இருங்க. பொம்மையை ஒதுக்குற கன்னம் அது" என்றான் உபால்தோ.

எல்லோரும் சிரித்தார்கள். அது பழைய வழக்கு. எடெல்மிராவின் அம்மா உயிரோடு இருந்தபோது ஒரு வருடம் ரோஸ்காவில் வைத்த பீங்கான் பொம்மை மாயமாகிவிட்டது. ஃபிடென்சியோ மாதாவின் மேல் ஆணையிட்டு வாயைத் திறந்து காட்டினார். கடைசியில் அம்மாவே முணுமுணுத்துக்கொண்டு தமால் அவித்தாள். சாகும்வரை மகன்மேல் அவளுக்கிருந்த சந்தேகம் போகவில்லை.

முதல் சுற்று முடிந்தது. பொம்மை இல்லை. மற்ற மூவரும் வெட்டிய இரண்டாவது சுற்றிலும் இல்லை. தட்டில் பொடிப்பொடியாகச் சிதறியதுதான் மிச்சம்.

"யாரோ முழுங்கிட்டீங்க. மரியாதையா ஒத்துக்கோங்க" என்றாள் நோயெமி.

எடெல்மிரா கை துடைக்க ஏப்ரனைத் தொட்டாள். பையில் மூன்று பொம்மைகளும் இருந்தன. முப்பத்தைந்து வருடத்தில் ஒருமுறைகூட மறந்ததில்லை. முகம் செத்துப்போய், சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள்.

"எதுக்கு எல்லாரும் சண்டை போடறீங்க? என்கிட்டதான் இருக்கு" என்றார் ஃபிடென்சியோ.

கன்னத்திலிருந்து எடுப்பதுபோல வாயருகே கையைக் கொண்டுபோய், ஒரு பொம்மையைத் தட்டில் வைத்தார். மேசையே ஆரவாரித்தது. "ஆஹா, மாமா மாட்டிக்கிட்டார்!" என்று உபால்தோ எழுந்து ஆடினான்.

எடெல்மிரா ஆடவில்லை. தட்டில் கிடந்தது பிளாஸ்டிக் அல்ல, பழுப்பேறிய பீங்கான்.

"அப்ப ரெண்டாம் தேதி தமால் உங்க வீட்டுலதானே, மாமா?" என்று கேட்ட நோயெமி, கேட்ட பிறகே நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ஃபிடென்சியோ பொம்மையைத் தட்டின் நடுவே நிமிர்த்தி வைத்தார். "பின்ன வேற எங்க? அந்த டாக்டர்கிட்ட கேட்டுச் சொல்லு. திங்கக்கிழமை விரலை வெட்டினா, ரெண்டாம் தேதிக்குள்ள நாற்காலியில உக்காந்தாவது பரிமாற முடியுமான்னு."

எடெல்மிரா தட்டுகளை அள்ளிக்கொண்டு அடுக்களைக்குள் ஓடினாள். ஊன்றுகோல் பின்னாலேயே வந்தது.

"எத்தனை வைக்க மறந்த?"

"மூணும்" என்றாள் அவள், மூக்கை உறிஞ்சியபடி. "அத எதுக்குண்ணே இன்னிக்கு எடுத்துக்கிட்டு வந்தீங்க?"

"உன்கிட்ட குடுத்துட்டுப் போயிடலாம்னுதான். அம்மா பொருள். மேல போனா அவ முதல்ல அதைத்தானே கேப்பா." அவர் ஊன்றுகோலை மாற்றிப் பிடித்துக்கொண்டார். "எல்லாரும் தட்டுல துழாவுறதப் பாத்தேன். உன் மூஞ்சியையும் பாத்தேன். முப்பத்தஞ்சு வருஷத்துல இன்னிக்குத்தான் நீ பேந்தப் பேந்த முழிச்ச."

எடெல்மிரா அழுதேவிட்டாள். சிரித்துக்கொண்டே அழுதாள். "ரொட்டி எப்படி இருந்துச்சு, அதைச் சொல்லுங்க."

"சுமார்தான்" என்றார் ஃபிடென்சியோ. தட்டின் ஓரத்தில் ஒட்டியிருந்த துணுக்கை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். "அடுத்த வருஷம் ஆரஞ்சுத் தோல் இன்னும் கொஞ்சம் போடு."