குற்றாலலிங்கம் வாங்கிய பிக்கப்

கிழக்கேகோட்டையில் பாத்திரக்கடை வைத்திருந்த குற்றாலலிங்கம் அண்ணாச்சி, கோயில் விபூதியையே முகர்ந்து பார்த்துப் பூசுகிறவர். எழுபத்தாறாம் வருஷம், மலையோரச் சந்தைகளுக்குச் சரக்கு ஏற்ற, நாலு சக்கரமும் இழுக்கிற பழைய ஜீப் பிக்கப் ஒன்றை வாங்கிப் புதுப்பிக்க நினைத்து, மலையடிவார ஊரான வித்துராவில் மலையாளி வண்டித் தரகர் மைதீனிடம் போனார்.

பளபளத்த பச்சை வண்டியில் காந்தத்தை வைத்தார், ஒட்டாமல் விழுந்தது. பெயிண்டுக்கு அடியில் தகடே இல்லை, முழுக்கப் பட்டிப் பூச்சு. பக்கத்தில் துருப்பிடித்து நின்ற இன்னொன்றைக் கைகாட்டினார்.

"அது வேண்டாம் அண்ணாச்சி. முன்சக்கரம் இழுக்காது. கியர்பெட்டி போயாச்சு."

விற்கிறவன் குறை சொல்வானா? வேறு யாருக்கோ ஒதுக்கி வைத்திருக்கிறான் என்று தீர்மானித்து, அதையே வாங்கினார். டீசல் எஞ்சின் மாற்றினார், புதுத் தகடு அடித்தார். கியர்பெட்டியை மட்டும் திறக்க விடவில்லை. திறந்தால் மெக்கானிக் நல்ல பல்சக்கரத்தை உருவிவிடுவானாம்.

முதல் மழையில், கல்லாறு ஏற்றத்துச் சேற்றில் பின்சக்கரங்கள் சும்மா சுழன்றன. முன்சக்கரம் அசையவில்லை. தகவல் போய், மைதீன் கயிற்றோடு வந்து சேர்ந்தார்.

"நான் அன்னே பறஞ்சதல்லே அண்ணாச்சி?"

அண்ணாச்சி அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"உண்மையச் சொன்னா நான் நம்பமாட்டேன்னு தெரிஞ்சுதானவே சொன்னீரு?"