கண்ணாடிக்காரர் திரும்ப வாங்கிய மனு

மேட்டுத் தெருவில் கண்ணாடிக் கடை வைத்திருந்தவருக்குத் தெருக்காரர்கள் இரண்டு பெயர்கள் வைத்திருந்தார்கள். ஜன்னல் உடைந்தால் அவர் கண்ணாடிக்காரர். மற்ற நாளெல்லாம் மனுக்காரர். ஒன்பது வருஷத்தில் நகராட்சிக்குப் பதினொரு மனுக்கள் எழுதியிருந்தார். பதினொன்றும் ஒரே விஷயத்தைப் பற்றித்தான். பதினேழாம் நம்பர் பஸ்ஸை இந்தத் தெருவை விட்டுத் தூக்க வேண்டும்.

தெரு குறுகல். இரண்டு பக்கமும் கார்கள் நிற்கும். நடுவில் மிஞ்சிய சந்தில் கால் மணிக்கு ஒரு பஸ் மேலே ஏறும், ஒரு பஸ் கீழே இறங்கும். ஏறும்போது கடையில் உள்ள கண்ணாடி அத்தனையும் நடுங்கும். மரச் சட்டத்தில் சாய்த்து நிறுத்திய பலகைக் கண்ணாடிகள் ஒன்றோடொன்று உரசி, குளிரில் பல் தந்தியடிப்பதுபோலச் சத்தம் போடும்.

கண்ணாடி வெட்டுவது மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்கிற வேலை. கம்பளி விரித்த மேசைமேல் கண்ணாடியைக் கிடத்தி, அளவுகோலை அழுத்திப் பிடித்து, கட்டரை ஒரே இழுப்பாக இழுத்துக் கோடு போட்டு, அந்தக் கோட்டில் முறிக்க வேண்டும். பாதியில் கை நின்றால் கோடு கெட்டது. கோடு கெட்டால் கண்ணாடி அது இஷ்டத்துக்கு உடையும். அதனால் அவர் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து வேலை செய்தார். பஸ் போன பிறகு கோடு, அடுத்த பஸ்ஸுக்கு முன்னால் முறிப்பு. ஆனால் பஸ் என்றைக்குக் கடிகாரத்தை மதித்தது? ஒரு முறை அழகு நிலையத்துக்கு வெட்டிக்கொண்டிருந்த ஆறடிக் கண்ணாடி, கோடு முடிய நாலு விரல் இருக்கும்போது பஸ் வந்து, மூலைக்கு மூலை விரிசல் விட்டது. ஏழாவது மனு அன்றைக்கு எழுதியது. அதில் அவர் உபயோகித்த வார்த்தைகளில் மூன்றை அவர் மனைவி அடித்துவிட்டுத்தான் தபாலில் சேர்த்தார்.

கடைக்கு மேலே வீடு. அவர், மனைவி, அவருடைய அக்கா, மூன்று பேர். அக்காவுக்குப் பார்வை முப்பது வயதில் மங்கத் தொடங்கி, இப்போது ஐம்பத்திரண்டில் வெளிச்சம் எது இருட்டு எது என்று மட்டும் தெரிந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டர் வேலை. அறுநூறு உள்தொடர்பு எண்கள் அவருக்கு மனப்பாடம். எந்த டாக்டர் எந்த மாடியில், எந்த வார்டு இப்போது எங்கே மாற்றியிருக்கிறார்கள், எல்லாம் விரல் நுனியில் இருந்தது.

அக்கா வேலைக்குப் போவதும் அதே பதினேழாம் நம்பரில்தான். பஸ் நிறுத்தம் கடையிலிருந்து இரண்டு கதவு தள்ளி, மருந்துக் கடை வாசலில். அந்தக் கோடியில் பஸ் ஆஸ்பத்திரிக் கேட்டுக்கு உள்ளேயே போய் நிற்கும். வீட்டுப் படியிலிருந்து வேலை நாற்காலி வரை அவர் ஒரு சாலையைக்கூடக் கடக்க வேண்டியதில்லை.

இது தம்பிக்குத் தெரியாதா என்றால், தெரியும். முதல் மனு எழுதும்போதே அக்காவைக் கேட்டிருந்தார். "உனக்குத் தொந்தரவா இருந்தா எழுதுடா" என்று அக்கா சொன்னார். அவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். பஸ்ஸை நிறுத்தவா சொல்கிறோம், பெரிய சாலை வழியாக விடத்தானே சொல்கிறோம், அது ஐந்து நிமிஷ நடைதானே என்று தனக்குத் தானே சமாதானமும் சொல்லிக்கொண்டார். அப்புறம் ஒன்பது வருஷம் அதைப் பற்றி நினைக்கவில்லை. நகராட்சி கேட்கப்போகிறது என்று யார் கண்டார்கள்?

ஆனால் கேட்டுவிட்டது. ஒரு திங்கட்கிழமை தெருவில் விளக்குக் கம்பத்துக்குக் கம்பம் அறிவிப்பு ஒட்டியிருந்தது. பதினேழாம் நம்பர் பஸ் பெரிய சாலைக்கு மாற்றப்படுகிறது. சனிக்கிழமை காலை பத்து மணிக்குச் சமூகக் கூடத்தில் கருத்துக் கேட்பு. மருந்துக் கடைக்காரர் கடையை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"அண்ணே, சாதிச்சுட்டீங்க! பஸ் ஸ்டாப் போச்சுன்னா என் வாசல்ல நாலு வண்டி நிறுத்தலாம். கூட்டத்துல முதல்ல நீங்கதான் பேசணும், சொல்லிட்டேன்."

கண்ணாடிக்காரருக்கு அன்று கால் தரையில் பாவவில்லை.

வியாழக்கிழமை காலை மனைவி காபித் தம்ளரை வைத்துவிட்டுச் சொன்னார். "என்னங்க, அண்ணி மூணு நாளா முக்கால் மணி நேரம் முன்னாடியே கெளம்பறாங்க. கேட்டா சும்மா நடைங்கறாங்க. இந்த வயசுல என்ன புதுசா நடை?"

மறுநாள் அவர் பின்னாலேயே போனார். அக்கா கோலைத் தட்டிக்கொண்டு நிறுத்தத்தைத் தாண்டி, மேட்டில் ஏறி, பெரிய சாலைக்குப் போனார். போகிற போக்கைப் பார்த்தால் அந்த வழி அவருக்கு ஏற்கெனவே பழகியிருந்தது. ஆறு வரிசையாக வண்டிகள் ஓடும் சாலை. சிக்னல் கிடையாது. ஆஸ்பத்திரிப் பக்கம் போகும் பஸ்ஸுக்கு எதிர்ப் பக்கம் கடந்து போக வேண்டும்.

அக்கா ஓரத்தில் நின்று தலையைக் கொஞ்சம் சாய்த்துக் காது கொடுத்துக் கேட்டார். சத்தம் குறைந்ததும் ஒரு காலை எடுத்துக் கீழே வைத்தார். எங்கிருந்தோ ஒரு லாரி ஹாரன் அலறியது. காலைப் பின்னால் இழுத்துக்கொண்டார். மறுபடி நின்றார், மறுபடி கால் வைத்தார், மறுபடி இழுத்துக்கொண்டார். வழியே போன ஒரு பெண் கையைப் பிடிக்க வந்தபோது சிரித்துக்கொண்டே ஏதோ சொல்லி மறுத்துவிட்டார். தினமும் யாராவது வருவார்கள் என்று நிச்சயம் இல்லாத இடத்தில் தனியாகக் கடந்து பழக வேண்டும் என்று முடிவு செய்தவர்போல நின்றார். பதினெட்டு நிமிஷம். பிறகு திரும்பி நடந்து, தெருவில் வழக்கமான பஸ்ஸில் ஏறிக்கொண்டார்.

நிறுத்தி வைத்த ஒரு வேனுக்குப் பின்னால் நின்று பார்த்த கண்ணாடிக்காரர், அக்காவைக் கூப்பிடாமலே கடைக்குத் திரும்பினார். அன்று கடையைத் திறந்தும் ஒரு கண்ணாடியைத் தொடவில்லை. அன்றைக்கு அந்தப் பழியைப் பஸ்மேல் போட முடியவில்லை.

சாயங்காலம் அக்கா மாடி ஏறி வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் கேட்டார். "காலையில பின்னாடி வந்தது நீதானே?"

"எப்படிக்கா தெரிஞ்சுது?"

"பத்தடிக்கு அந்தப் பக்கமே கண்ணாடிக்குப் பூசுற பட்டி வாசனை அடிச்சுதே. உளவு பாக்கப் போறவன் குளிச்சுட்டு வரக் கூடாதா?"

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. "ஏன்க்கா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"என்னடா சொல்றது? ஒம்பது வருஷமா நாயா பேயா எழுதி வாங்கியிருக்க. உன் பொழப்பு. நான் குறுக்க நிக்கணுமா?"

"ஆட்டோ ஏற்பாடு பண்றேன். இல்லன்னா நானே தினம் கொண்டு விட்டுட்டுக் கூட்டிட்டு வரேன்."

"ஒருத்தர் கொண்டு போய்ப் போட, ஒருத்தர் எடுத்துட்டு வர, நான் என்ன பார்சலா?" அக்கா குரலை உயர்த்தவில்லை. "கண்ணு போனப்ப எல்லாத்துக்கும் ஒரு ஆள் வேணும்னு ஆச்சு. அந்தப் பஸ்ஸுக்கு மட்டுந்தான் ஆள் வேண்டியிருக்கல. அது போச்சேன்னு இருக்கு. அவ்வளவுதான். பழகிக்குவேன் விடு."

அவர் எழுந்து கடைக்கு இறங்கி வந்தார். மனுக்களின் நகல்களை வைத்திருந்த உறையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சனிக்கிழமை கூடம் நிறைந்திருந்தது. மேடையில் போக்குவரத்து அதிகாரி, பக்கத்தில் வரைபடச் சுருளோடு ஒரு பெண் இன்ஜினியர். அக்காவும் மனைவியும் கடைசி வரிசையில். முதல் வரிசையில் மருந்துக் கடைக்காரர் தனக்குப் பக்கத்தில் கைக்குட்டை போட்டு இடம் பிடித்து வைத்திருந்தார்.

அதிகாரி பெயர்ப் பட்டியலைப் பார்த்து, "மனு குடுத்தவர் முதல்ல பேசலாம்" என்றார். கை தட்டினார்கள்.

கண்ணாடிக்காரர் எழுந்தார். கத்தி தீட்டுவதுபோலத் தொண்டையைச் செருமினார். "என் மனுவைத் திரும்ப வாங்கிக்கறேன்" என்றார்.

கை தட்டிக்கொண்டிருந்த சிலர் தட்டுவதை நிறுத்த மறந்தார்கள்.

"எந்த மனுவை?" என்றார் அதிகாரி.

"பதினொண்ணையும்."

"சார், எங்க ஆபீஸ்லயே உங்க ஃபைல்தான் கனம். அதைத் தூக்கி வெக்கத் தனியா ஒரு ஆள் வேணும். இப்ப வேணாம்னா எப்படி?"

கண்ணாடிக்காரர் பேச்சாளர் அல்ல. தட்டுத் தடுமாறிச் சொன்னார். பெரிய சாலையில் சிக்னல் இல்லை. பார்வை இல்லாதவர், நடக்க முடியாதவர், கைக்குழந்தையோடு ஆஸ்பத்திரிக்குப் போகிறவர், யாரும் அதைத் தனியாகக் கடக்க முடியாது. தான் எழுதும்போது அங்கே போய் ஒரு நாள்கூட நின்று பார்க்கவில்லை. நேற்றுத்தான் பார்த்தது. தன் தப்பு.

மருந்துக் கடைக்காரர் குதித்து எழுந்தார். "அண்ணே, என்ன வெளையாட்டு இது? உங்களை நம்பி நாப்பது பேர் கையெழுத்துப் போட்டோம்! உங்க அக்கா ஒருத்தருக்காகத் தெரு மொத்தமும் குலுங்கணுமா? எங்க சுவரெல்லாம் விரிசல்!"

கூடத்தில் ஆளுக்கொரு பக்கம் சத்தம் எழுந்தது. இன்ஜினியர் ஒலிபெருக்கியைத் தட்டி அமைதிப்படுத்திவிட்டு, தன் தாள்களைப் புரட்டினார். "பஸ்ஸோட எடைக்கு இவ்வளவு அதிர்வு வரக் கூடாதே. ரோடும் நல்ல ரோடுதான்" என்று பாதி தனக்கே சொல்லிக்கொண்டார்.

கடைசி வரிசையில் அக்கா எழுந்து நின்றார். "நான்தாங்க அந்த அக்கா. ஒண்ணு கேக்கலாமா? பஸ் தெரு முழுக்கக் குலுங்குறதில்லையே. மேல ஏறுற பஸ் மட்டும், எங்க கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவுல, 'டொம் டொம்'னு ரெண்டு தடவை சத்தம் போடும். முன் சக்கரம் ஒண்ணு, பின் சக்கரம் ஒண்ணு. எறங்குற பஸ்ஸுக்கு அது வராது. அந்த எடத்துல கீழ ஏதோ பள்ளம் இருக்கு."

இன்ஜினியர் நிமிர்ந்தார். "ஏறுற பக்கம் மட்டுமா? நிச்சயமா?"

"இருபது வருஷமா கேக்கறேன்."

இன்ஜினியர் அதிகாரியைப் பார்த்தார். "சார், ரெண்டு நிமிஷ நடை. போய்ப் பாத்துடலாமே."

கூட்டம் அப்படியே எழுந்து தெருவுக்கு வந்தது. கடைக்கு முன்னால் பாதாளச் சாக்கடை மூடி ஒன்று இருந்தது. ஒவ்வொரு முறை தார் போடும்போதும் சாலை உயர்ந்து, மூடி மட்டும் பழைய மட்டத்திலேயே தங்கி, நாலு விரல் ஆழம் தாழ்ந்திருந்தது. ஓரம் நொறுங்கியிருந்தது. எப்போதும் ஒரு காரின் நிழலில் கிடந்ததால் யார் கண்ணிலும் உறுத்தவில்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பஸ் ஏறி வந்தது. டொம். டொம். கடைக்குள் கண்ணாடிகள் கிடுகிடுத்தன.

இன்ஜினியர் குனிந்து ஆழத்தை அளந்தார். "இதான் சார். நிறுத்தி வச்ச கார்களுக்கு வழி விட்டு வரும்போது பஸ் சக்கரம் நேரா இதுலதான் எறங்குது. மூடியைத் தூக்கி மட்டத்துக்கு வச்சு, இந்தப் பக்கம் பார்க்கிங்கை எடுத்துட்டாப் போதும். பஸ்ஸை மாத்த வேண்டிய அவசியமே இல்ல."

"எவ்வளவு நாள் ஆகும்?" என்றார் கண்ணாடிக்காரர்.

"வேலை ஒரு நாள்தான்."

ஒரு நாள். ஒன்பது வருஷம் பஸ்ஸை நிமிர்ந்து முறைத்தவர், ஒரு தடவை குனிந்து தரையைப் பார்த்திருந்தால் அன்றே முடிந்திருக்கும். அவருக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, நெஞ்சுமேல் கிடந்த பாறாங்கல்லை யாரோ பிடித்து நகர்த்தியதுபோலவும் இருந்தது. அக்கா எங்கே என்று திரும்பிப் பார்த்தார். அக்கா கடைப் படியில் உட்கார்ந்து, "என்னடா, ஆழம் எவ்வளவு?" என்று கேட்டார்.

"நாலு வெரல்க்கா."

"நான் அஞ்சுன்னு நெனச்சேன்."

உத்தரவு இரண்டு வாரத்தில் வந்தது. பஸ் இருக்கும். கடைப் பக்கம் கார் நிறுத்தத் தடை. எதிர்ப்பக்கம் மருந்துக் கடைக்குச் சரக்கு இறக்க மட்டும் ஓர் இடம் ஒதுக்கினார்கள். மருந்துக் கடைக்காரர் ஒரு மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். பிறகு அவர் கடை அலமாரியில் ஒரு கண்ணாடி உடைந்தது. வேறு யாரிடம் போவது? வந்து அளவு சொன்னார். சொல்லிவிட்டுப் போகாமல் நின்று, "எங்க சுவர்ல புது விரிசல் வரலண்ணே" என்றும் சொன்னார். அத்தோடு அது முடிந்தது.

மூடியை உயர்த்த ஆட்கள் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. காலையில் தோண்டி, சாயங்காலத்துக்குள் பூசிவிட்டு, மூடிமேல் இரண்டு நாளைக்கு இரும்புத் தகடு போட்டுப் போனார்கள். வெள்ளிக்கிழமை தகட்டை எடுத்தார்கள்.

அன்று கண்ணாடிக்காரர் மேசைமேல் ஒரு பெரிய கண்ணாடியைக் கிடத்திவிட்டு, பஸ் வந்து கண்ணாடிகள் நடுங்கி ஓயட்டும் என்று கட்டரைக் கையில் பிடித்தபடி காத்திருந்தார். வெகு நேரம் காத்திருந்தார். பொறுமை போய் மனைவியைக் கேட்டார். "என்ன இது, இன்னும் பஸ்ஸைக் காணோம்?"

"எந்தப் பஸ்? அண்ணியை எறக்கி விட்டுட்டு அது போய்ப் பத்து நிமிஷம் ஆச்சே. காலை ஷிப்டு முடிஞ்சு வந்து மேல சாப்பிட உக்காந்திருக்காங்க."

அவர் மனைவியைப் பார்த்தார். சட்டத்தில் சாய்ந்து நின்ற கண்ணாடிகளைப் பார்த்தார். அப்புறம் முக்காலியில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. மனைவியும் என்ன ஏது என்று தெரியாமலே சேர்ந்துகொண்டார். வெட்டாத கண்ணாடியைக் கம்பளியால் மூடிவிட்டு, கடைக் கதவைச் சாத்திக்கொண்டு இருவரும் மாடி ஏறினார்கள்.

"பட்டப் பகல்ல எதுக்குடா கடையைச் சாத்தின?" என்றார் அக்கா, தட்டிலிருந்து தலை நிமிராமல்.

"அசதியா இருக்குக்கா."

"இருக்கும், இருக்கும். உக்காரு, சாப்பிடு."

சாப்பிட்ட கையோடு பாயை விரித்துப் படுத்தவர் நாலு மணி வரை தூங்கினார். இரண்டு வாடிக்கையாளர்கள் வந்து கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். மனைவி எழுப்பவில்லை.