கேட்காமலே படிக்கும் குரல்

தூத்துக்குடியில் தனியாகக் கார் ஓட்டி ஊர் பார்க்கிறேன். போனில் ஒரு குரல் பழைய கட்டடங்களின் கதையைச் சொல்லி, எங்கே திரும்ப வேண்டும் என்றும் சொல்கிறது.

ஏழாம் வகுப்பில், அவனியாபுரத்திலிருந்து அப்பா என்னையும் என் பள்ளித் தோழியையும் லோடு வேனில் இதே கடலைக் காட்டக் கூட்டிவந்தார். அதுவரை மதுரையைத் தாண்டி அவர் வண்டி ஓட்டியதில்லை. ரோடு இரண்டாகப் பிரிந்த இடத்தில் நிறுத்தி, "போர்டுல என்ன போட்டிருக்கு தாயி?" என்று என்னிடம் கேட்டார். அவருக்குப் படிக்கத் தெரியாது. தோழிக்கு அது தெரிந்துவிடுமே என்று நான் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டேன்.

டீசல் வாடைக்குள் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. டீக்கடைப் பக்கம் அப்பாவின் குரல். "அண்ணே, தூத்துக்குடிக்கு எந்தப் பக்கம் போகணும்?"

"அதான் இம்புட்டுப் பெருசா எழுதியிருக்குல்ல," என்றார் கடைக்காரர். பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். தோழி சிரித்தாள். தூங்கிக்கொண்டிருந்த நானும் சிரித்துவிட்டேன்.

அப்பா ஏறி உட்கார்ந்து என்னைப் பார்த்தார். "முழிச்சிட்டியா தாயி? இந்தா, கடல் வந்துரும்," என்றார். அதன்பிறகு அவர் என்னிடம் எதையும் படிக்கச் சொன்னதில்லை.

"வலப்புறம் பழைய தேவாலயம்," என்கிறது போன். பெரிய எழுத்தில் போர்டு எதிரிலேயே இருக்கிறது. நான் கேட்காமலே எனக்குப் படித்துச் சொல்கிறது இந்தக் குரல்.