ஜெயராஜ் பதிவு செய்த ஆண்டுக் கூட்டம்

பிரிக்பீல்ட்ஸில் விளக்கு விற்கிற கடை ஒன்றில் ஜெயராஜ் இருபத்திரண்டு வருடங்களாக வேலை பார்க்கிறார். ஒலியைப் பற்றி அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை. இதை அவரே சொல்லியிருக்கிறார். குளியலறைக்கு ஒரு பல்பு வாங்க வந்தவர், எம்பி3 என்பது ஏழைகளின் ஒலி, வேவ் என்பதுதான் ராஜாக்களின் ஒலி என்ற தகவலையும் சேர்த்து வாங்கிக்கொண்டு போவார். பல்புக்கு மட்டும்தான் காசு என்பதால் தகவலை யாரும் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்ததில்லை.

அவருடைய சித்தாந்தம் எளிமையானது. ஒரு பாட்டு நல்ல பாட்டா என்பதைக் காதால் முடிவு செய்யக்கூடாது, ஃபைல் எவ்வளவு பெரியது என்று பார்த்து முடிவு செய்ய வேண்டும். நான்கு எம்பி என்றால் குப்பை. நாற்பது எம்பி என்றால் தெய்வீகம். ஆகவே தன்னிடம் இருந்த எம்பி3 பாட்டுகளை எல்லாம் ஒரு தீபாவளி விடுமுறையில் உட்கார்ந்து வேவாக மாற்றினார். எம்பி3 ஆக்கும்போது கழித்துவிட்ட சத்தம், வேவ் ஆக்குவதால் திரும்பி வந்து ஒட்டிக்கொள்ளாது. நீர்த்த சாம்பாரை அண்டாவுக்கு மாற்றினாலும் அது நீர்த்த சாம்பார்தான். ஆனால் ஜெயராஜ் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "இப்பதான்லா வயலின் தெளிவா கேக்குது," என்றார். அவர் மனைவி புஷ்பவல்லிக்குத் தெளிவானது ஒன்றுதான்: கம்ப்யூட்டரில் இடம் போய்விட்டது, மகளின் கல்யாணப் படங்களை வைக்க இனி வேறு ஏதாவது வாங்க வேண்டும்.

இப்படிப்பட்ட மேதையை ஊர் சும்மா விடுமா? கிள்ளானில் அவர் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் மாரியம்மன் ஆலயத்தின் நிர்வாகக் குழுவில் பதினொரு வருடங்களாக அவர்தான் ஒலிப் பொறுப்பாளர். திருவிழாவில் மைக் கீச்சிட்டால் ஓடிப்போய்ப் பக்கத்தில் நிற்பார். ஆண்டுக் கூட்டத்தைக் கையடக்கமான ஒரு கருவியில் பதிவு செய்து, ஆலயத்தின் இணையப் பக்கத்தில் ஏற்றிவைப்பார். பதினொரு கூட்டங்கள், பதினொரு சாம்பல் நிறப் பட்டைகள், ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஒரு முக்கோணப் பொத்தான். அதை அமுக்கினால் சைபர் நிமிடம் சைபர் விநாடி என்று காட்டிவிட்டு அப்படியே நிற்கும். எதுவும் கேட்காது.

இது பதினொரு வருடங்களாக யாருக்கும் தெரியாது. ஆண்டுக் கூட்டத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் முடிந்தபின் போடும் சாப்பாட்டுக்காக வருகிறவர்கள். வாழை இலை விரிக்கும் சத்தம் கேட்டதும் எல்லாத் தீர்மானமும் ஏகமனதாக நிறைவேறும். அதை வீட்டுக்குப் போய் இன்னொரு முறை கேட்பதற்கு யாருக்குக் கிறுக்குப் பிடித்திருக்கிறது?

குமுதாவுக்குத்தான் அந்த நிலைமை வந்தது.

குமுதா ஆலயத்தின் சின்ன மண்டபத்தில் பாலர் பள்ளி நடத்துகிறாள். இருபத்திரண்டு பிள்ளைகள், பெரும்பாலும் லோரி ஓட்டுகிறவர்களும் ஃபேக்டரியில் ஷிஃப்ட் வேலைக்குப் போகிறவர்களும் பெற்ற பிள்ளைகள். மார்ச் மாத ஆண்டுக் கூட்டத்தில் தலைவர் மாணிக்கம், மூன்று வருடத்துக்கு இந்தப் பள்ளியைத் தொடமாட்டோம் என்று எல்லார் முன்னிலையிலும் வாக்குக் கொடுத்தார். ஆகஸ்டில், மாத முடிவுக்குள் மண்டபத்தைக் காலி செய்யும்படி கடிதம் கொடுத்தார். அங்கே ஏர்கான் போட்டு, பிறந்தநாள் விழாக்களுக்கு வாடகைக்கு விட வேண்டுமாம். கூட்டக் குறிப்பில் வாக்கைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. குறிப்பு எழுதிய செயலாளர் தலைவரின் மைத்துனர் என்பது தற்செயல்தான் என்று வைத்துக்கொள்வோம்.

குமுதா உறுப்பினர்களிடம் கையெழுத்து வாங்கி, சிறப்புக் கூட்டம் கேட்டாள். மாணிக்கம் சிரித்துக்கொண்டே சம்மதித்தார்.

"ஆதாரம் இருந்தா கொண்டாங்க டீச்சர். நம்ம ஜெயராஜ்தான் ரெக்கார்ட் பண்ணாரே. ஆனா யாரோ வீட்டு லேப்டாப்ல ஓடுச்சி, போன்ல ஓடுச்சின்னு எல்லாம் வேணாம். ஞாயித்துக்கிழம கூட்டத்துல ஆலயத்து வெப்சைட்ட தெறந்து, எல்லார் முன்னுக்கும் ஓடணும்."

ஜெயராஜ் ஏற்றிய எதுவும் அங்கே ஓடியதில்லை என்பதைத் தலைவர் கடிதம் கொடுப்பதற்கு முன்பே அமுக்கிப் பார்த்துத் தெரிந்துவைத்திருந்தார். அதுவரை அந்த ஊரில் அப்படி அமுக்கிப் பார்த்த ஒரே ஆள் அவர்தான்.

குமுதா அன்று மாலையே ஜெயராஜ் வீட்டுக்கு வந்தாள்.

"அண்ணே, உங்கள நம்பித்தான் இருக்கேன். வெப்சைட்ல அமுக்கிப் பாத்தேன், ஒன்னுமே கேக்கலியே?"

"அது பிரவுசர் கோளாறு," என்றார் ஜெயராஜ் உடனே. "என் லேப்டாப்ல ஜோரா ஓடுதே. பாருங்க."

ஓடத்தான் செய்தது. முதல் பத்து விநாடிக்கு அவரே, "ஹலோ, ஹலோ, ஒன், டூ, த்ரீ," என்றார். அதற்குமேல் எந்தப் பதிவையும் அவர் கேட்டதில்லை. தரத்தைச் சோதிக்க அது போதும்.

குமுதா திரையை எட்டிப் பார்த்தாள். "இது டபிள்யூ.எம்.ஏ. ஃபைலு அண்ணே. இத உங்க கம்ப்யூட்டர் பாடும். பிரவுசர் பாடாது. எம்பி3-யா மாத்தணும்."

எம்பி3 என்ற சொல் காதில் விழுந்ததும் ஜெயராஜுக்கு முகம் சுண்டிவிட்டது. இருந்தாலும் ஒரு பெண் நாசமாய்ப் போகக்கூடாதே என்று மனம் இரங்கி, அரை நிமிடத்தில் மாற்றிக் கொடுத்தார். மாற்றியது எப்படி என்றால், ஃபைலின் பெயரில் கடைசியில் இருந்த டபிள்யூ.எம்.ஏ.-வை அழித்துவிட்டு எம்பி3 என்று தட்டினார். தன் லேப்டாப்பில் ஓட்டிப் பார்த்தார், ஹலோ ஹலோ கேட்டது. இணையப் பக்கத்தில் ஏற்றினார். சாம்பல் பட்டை சைபரிலேயே நின்றது.

"பாத்தீங்களா டீச்சர்? எம்பி3 ஆக்கினாலும் ஓடல. நான்தான் சொன்னேனே, எம்பி3 மட்டம்னு."

குமுதாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. மேசைமேல் புஷ்பவல்லி வைத்திருந்த பிஸ்கட் டின்னைத் திறந்து காட்டினாள். உள்ளே முறுக்கு இருந்தது.

"டின்னுமேல பிஸ்கட்டுன்னு போட்டிருக்கு. அதுக்காக உள்ள இருக்கற முறுக்கு பிஸ்கட்டாயிடுமா அண்ணே? நீங்க பேர மட்டும் மாத்தியிருக்கீங்க. உங்க லேப்டாப்புக்கு ரெண்டு சரக்கும் தெரியும், உள்ள எட்டிப் பாத்து பாடிடுது. பிரவுசருக்கு இந்தச் சரக்கே தெரியாது. உள்ள இருக்கறதயே மாத்தணும். அதுக்குன்னு சாஃப்ட்வேர் இருக்கு. புள்ளைங்க பாட்ட எல்லாம் நான் அதுலதான் மாத்துறேன்."

இருபத்திரண்டு வருட அனுபவசாலிக்கு ஒரு பாலர் பள்ளி டீச்சர் முறுக்கைக் காட்டிப் பாடம் எடுப்பதா? ஜெயராஜ் மரியாதையாகத் தலையாட்டி அவளை அனுப்பிவைத்தார். பிறகு மூன்று நாட்களைத் தன் வழியில் செலவழித்தார். பதிவை வேவ் ஆக்கினார். மூன்று மணி நேரக் கூட்டம் ஏறக்குறைய இரண்டு ஜிபி ஆகி வந்து உட்கார்ந்தது. எடையைப் பார்த்ததும் கண்ணில் நீர் கோத்தது அவருக்கு. அதை ஏற்ற ஆரம்பித்து, வேலைக்குப் போய்த் திரும்பி வந்து பார்த்தால், ஃபைல் அளவுக்கு மீறியது என்று இணையப் பக்கம் சிவப்பில் திட்டியிருந்தது. இரண்டு முறை திட்டு வாங்கினார்.

சனிக்கிழமை பிற்பகல், புஷ்பவல்லி வாயைத் திறந்தாள். "என்னாங்க, அந்த டீச்சர் சொன்ன மாதிரி ஒருக்கா செஞ்சி பாத்தா உங்க மானமா போயிடும்?"

போகாது என்று நிரூபிப்பதற்காகவே செய்தார். அந்த சாஃப்ட்வேரில் போட்டு முறையாக மாற்றினார். ஐந்து நிமிடத்தில் எம்பி3 தயார். எண்பது எம்பி. கேவலமான எடை. ஏற்றிவிட்டுப் பொத்தானை அமுக்கினார். பதினொரு வருடத்தில் முதல் முறையாகச் சாம்பல் பட்டையில் நேரம் நகர்ந்தது. ஹலோ, ஹலோ. புஷ்பவல்லியின் போனில் திறந்தார், அதிலும் ஹலோ. சின்னப் பிள்ளைபோல எழுந்து நின்று கைதட்டினார். குமுதாவுக்கு போன் போட்டு, "ஓடுது டீச்சர்! நாளைக்கு பாருங்க!" என்றார். அவள் அந்தப் பக்கம் அழுதுவிட்டாள்.

பிறகுதான் வாக்குக் கொடுத்த இடத்தைக் குறித்துவைத்துக்கொள்ளலாம் என்று ஹெட்போனை மாட்டினார். பட்டையை இழுத்து இழுத்துத் தேடி, ஒரு மணி ஐம்பத்திரண்டாவது நிமிடத்தில் மாணிக்கத்தின் குரலைப் பிடித்தார்.

"அடுத்து பாலர் பள்ளி விசயம். டீச்சர் கேட்டிருக்காங்க. நிர்வாகத்தோட முடிவு என்னான்னா..."

அந்த இடத்தில், மைக்குக்கு வெகு அருகில், இன்னொரு குரல் புகுந்தது.

"பாஸ், இந்த மெஷின் சாதாரணம் இல்ல. ஒரு மூச்சுகூட விடாது. ஊசி விழுந்தாலும் பிடிச்சிடும். எம்பி3-ன்னா தேவையில்லாதத தூக்கிப் போட்டுடும். எனக்கு அது ஆவாது. என் வீட்ல எல்லாம் வேவ்தான்..."

நாற்பது விநாடி. பக்கத்து நாற்காலியில் யார் இருந்தார்கள் என்பதுகூட ஜெயராஜுக்கு ஞாபகம் இல்லை. பின்னால் தூரத்தில் மாணிக்கம் ஏதோ முனகுவது கேட்டது, ஒரு சொல்கூடப் புரியவில்லை. ஜெயராஜின் குரல் மட்டும் எச்சில் விழுங்கும் சத்தம்வரை துல்லியமாக இருந்தது. தேவையில்லாததைத் தூக்கிப் போடும் எம்பி3 இதை மட்டும் தூக்கிப் போடவில்லை. நாற்பது விநாடி முடிந்தபிறகு குமுதாவின் குரல் தெளிவாகக் கேட்டது.

"மூணு வருஷம்னு எல்லார் முன்னாடியும் சொன்னீங்க. ரொம்ப நன்றி தலைவரே."

"பரவால்ல டீச்சர். சொன்னா சொன்னதுதான்," என்றது மாணிக்கத்தின் குரல். கைதட்டல்.

ஜெயராஜ் ஹெட்போனைக் கழற்றி வைத்தார். காது மடல் சுட்டது. ஏற்றியிருந்ததை முதலில் இணையப் பக்கத்திலிருந்து எடுத்தார். கூட்டத்தில் இருநூறு பேர் உட்கார்ந்து இதைக் கேட்பார்கள். அந்த நாற்பது விநாடியை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை இன்னொரு ஃபைலாகச் சேமித்தார். ஓட்டிப் பார்த்தார். தலைவர் பேச ஆரம்பிக்கிறார், ஒரு துள்ளல், உடனே டீச்சர் நன்றி சொல்கிறாள். ஜெயராஜுக்கே சந்தேகம் வரும்படி இருந்தது. வாக்குக் கொடுத்த இடம் பார்த்து வெட்டி ஒட்டியிருக்கிறார்கள் என்று மாணிக்கம் ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுவார். அல்லது ஃபைல் கெட்டுவிட்டது என்று ஜெயராஜே சொல்லிவிடலாம். ஒலியைப் பற்றி அவர் சொன்னால் அந்த ஆலயத்தில் மறுபேச்சுப் பேச ஆள் கிடையாது. எந்த வழியில் போனாலும் குமுதா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தெருவுக்கு வர வேண்டும்.

"என்னா, மூஞ்சி செத்துப்போச்சி?" என்றாள் புஷ்பவல்லி.

அவர் சொன்னார். அவள் ஹெட்போனை வாங்கி முழுவதையும் கேட்டாள். சிரிப்பாள் என்று பயந்தார். அவள் சிரிக்கவில்லை.

"முப்பது வருஷமா வீட்ல நான் கேக்கறதுதானே இது. ஒரு நாள் ஊரும் கேக்கட்டும்," என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போனாள்.

மறுநாள் மண்டபத்தில் நாற்காலிகள் நிறைந்திருந்தன. பின்பக்கம் ரசம் கொதித்துக்கொண்டிருந்தது. மாணிக்கம் ஜிப்பாவைத் தட்டிவிட்டுக்கொண்டு, "ஓட்டுங்க ஜெயராஜ், பாப்போம்," என்றார், ஓடாது என்ற நிம்மதியோடு. லேப்டாப்பில் இரண்டு ஃபைல்கள் இருந்தன. ஒன்று வெட்டியது, ஒன்று வெட்டாதது. முன்வரிசையில் குமுதா மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர் வெட்டாததை ஏற்றினார். ஆலயத்தின் பக்கத்தைத் திறந்து, பட்டையை ஒரு மணி ஐம்பத்திரண்டுக்கு இழுத்துவிட்டு, அமுக்கினார்.

மாணிக்கத்தின் குரல் ஸ்பீக்கரில் வந்ததும் மாணிக்கத்தின் முகம் மாறியது. அதன்பின் ஊசி, மூச்சு, வேவ் எல்லாம் வந்தன. முதலில் பின்வரிசையில் ஒருவர் சிரித்தார். பிறகு மண்டபமே சிரித்தது. ஓர் ஆன்டி சிரித்துச் சிரித்து இருமலில் மாட்டிக்கொண்டார். ஜெயராஜ் லேப்டாப்பைப் பார்த்தபடி நின்றார். அவ்வளவு நீளமான நாற்பது விநாடியை அவர் வாழ்க்கையில் கண்டதில்லை. சிரிப்பு அடங்காமல் இருக்கும்போதே குமுதாவின் நன்றி வந்தது, சொன்னா சொன்னதுதான் வந்தது. அதோடு சிரிப்பு நின்றது.

"நான் பேசினது எங்க கேட்டுச்சி? இவரு பேசினதுதான் கேட்டுச்சி," என்றார் மாணிக்கம்.

"நீங்க என்னா சொன்னீங்கன்னு கேக்கல தலைவரே," என்றார் ஜெயராஜ். "நான்தான் கெடுத்துட்டேன். ஆனா டீச்சர் மூணு வருஷம்னு சொன்னதுக்கு நீங்க இல்லன்னு சொல்லல. சொன்னா சொன்னதுதான்னு சொன்னீங்க. அது நல்லா கேக்குது."

"மறுபடி போடட்டுமா தலைவரே?" என்று யாரோ கத்தினார்கள். மாணிக்கம் வேண்டாம் என்று கையை ஆட்டினார். இலை விரிக்கும் சத்தம் கேட்டது. வழக்கம்போல் ஏகமனதாக, பாலர் பள்ளி மூன்று வருடத்துக்கு அங்கேயே இருக்கும் என்று தீர்மானமாயிற்று. மைத்துனர் இந்த முறை அதைக் கூட்டக் குறிப்பில் எழுதினார், நாலு பேர் தோளுக்குமேல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்ததால்.

சாப்பாட்டில் ஆளாளுக்கு வந்து, "அண்ணே, ரசத்துல ஊசி விழுந்துச்சி, பிடிச்சீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். ஜெயராஜும் சிரித்துவைத்தார். வலித்தது. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது, நன்றாகவே வலித்தது.

குமுதா இலையை எடுத்துக்கொண்டு வந்து அவர் எதிரில் உட்கார்ந்தாள். சோற்றில் ரசத்தை ஊற்றிப் பிசைந்தாள். பிறகு, நாளைக்கு வரப்போகிற பிள்ளைகளைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். எவன் அழுவான், எவள் செருப்பைத் தொலைப்பாள், எந்தத் தாய் ஷிஃப்ட் முடிந்து தூங்காமல் வந்து நிற்பாள் என்று ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி, இருபத்திரண்டு பேரையும் சொன்னாள். ஜெயராஜ் பாயசம் ஆறிப்போவதைக்கூடப் பார்க்காமல் கடைசிப் பெயர்வரை கேட்டார்.