பறக்கும் கதிரையில் மச்சாளும் நானும்

மச்சாள் தொலைபேசியில் கேள்வி கேட்பதில்லை. செய்திதான் சொல்லுவார். பெப்ரவரி மாதம், பள்ளிக்கூடங்களுக்குப் பனிக்கால விடுமுறை விட்டிருந்த கிழமை, வேலை முடிந்து குரோருட் வீட்டுக்கு வந்து சப்பாத்தைக்கூட நான் கழற்றவில்லை, அழைத்தார்.

“சனிக்கிழமை உம்மட மகள் மலைக்குச் சறுக்கப் போறாவாம். நானும் வாறன். நீரும் வாரும்.”

மச்சாள் என் கணவரின் மூத்த அக்கா. ஐம்பத்தெட்டு வயது. லில்லெஸ்ட்ரோமில் இருக்கிறார், அங்கேயே ஒரு முதியோர் இல்லத்தில் தாதியாக வேலை செய்கிறார். குடும்பத்தில் யாருக்காவது காய்ச்சல் என்றாலும், யாருக்காவது கலியாணம் பேசுவதென்றாலும் கடைசிச் சொல் அவருடையது. நான் கலியாணம் முடித்து ஒஸ்லோவுக்கு வந்து இருபத்திரண்டு வருடம். அன்றிலிருந்து நான் அவரை ‘நீங்கள்’ என்பேன், அவர் என்னை ‘நீர்’ என்பார். கோபதாபம் ஒன்றுமில்லை. ஆனால் அவர் வருகிறார் என்றால் குளிர்சாதனப் பெட்டியின் மேல்பக்கத்தைக்கூட நான் துடைத்து வைப்பேன்.

“என்ன மச்சாள், திடீரெண்டு?” என்று கேட்டேன்.

“முப்பது வருசமா திங்கட்கிழமை திங்கட்கிழமை வேலையில கேக்கினம், சனி ஞாயிறு ஸ்கீக்குப் போனனீங்களோ எண்டு. முப்பது வருசமா ‘இந்தக் கிழமை இல்லை’ எண்டு சொல்லி எனக்கு அலுத்துப் போச்சு.”

என் நிலைமையும் அதுதான். நான் வேலை செய்யும் பல் மருத்துவ நிலையத்தில் எல்லோரும் போவார்கள். ஒரு முறை அவர்களோடு காட்டுப்பாதையில் போய், நின்ற இடத்திலேயே விழுந்து, இரண்டு கிழமை கதிரையில் சரிந்து உட்கார்ந்திருந்தேன். அதோடு விட்டாயிற்று.

பதினாறு வயது மகள் செய்தியைக் கேட்டு, “மாமியுமா?” என்றாள். அவள் இங்கேயே பிறந்தவள், எட்டு வயதிலிருந்து பனிப்பலகையில் சறுக்குகிறவள். இரண்டு நிபந்தனை போட்டாள். மலையில் அவளுடைய பெயரைச் சொல்லிக் கூப்பிடக் கூடாது. அவள் சொல்லும் இடத்தை விட்டு அசையக் கூடாது.

சனிக்கிழமை மச்சாளை ஒஸ்லோ மத்திய நிலையத்தில் சந்தித்து, மலைக்குப் போகும் தே-பானே என்ற நகர ரயிலில் ஏறினோம். ரயில் முழுக்க ஸ்கீயும் தடியுமாக நின்றார்கள். மச்சாள் தன் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, கோயிலுக்குப் போகிறவர் போல நேராக உட்கார்ந்திருந்தார். பைக்குள் பொரித்த ஆட்டிறைச்சி ரோல்ஸ் மணத்தது.

வாடகைக்குச் சாமான் கொடுக்கும் இடத்தில்தான் முதல் சிக்கல். தலைக்கவசம் மச்சாளின் கொண்டைக்கு மேல் ஏறி நின்றது, கீழே இறங்க மறுத்தது. அதைவிடப் பெரிய அளவு போட்டால் கண்ணை மறைத்தது. மகள் பேசாமல் அவருக்குப் பின்னால் போய்க் கொண்டையை அவிழ்த்து, இரட்டைப் பின்னல் பின்னிவிட்டாள். மச்சாள் கண்ணாடியில் பார்த்தார். நெற்றியில் பொட்டு, காதுக்குக் கீழே இரண்டு நரைத்த பின்னல், கழுத்துவரை இழுத்த ஊதா நிற மேலங்கி.

“எட்டாம் வகுப்புப் பிள்ளை மாதிரி இருக்கு,” என்றார் தனக்குத்தானே. நான் சிரிக்கலாமா என்று தெரியாமல் என் சப்பாத்தின் பூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சின்னப் பிள்ளைகள் பழகும் சரிவில், நகரும் கம்பளத்தில் ஏறி ஏறி இறங்கினோம். ஸ்கீயின் முன்நுனிகளைச் சேர்த்து, பின்பக்கத்தை அகட்டினால் வேகம் குறையும் என்று மகள் காட்டித் தந்தாள். ஒரு மணித்தியாலத்தில் மச்சாள் ஆறு தரம் விழுந்தார், நான் விழுந்ததை எண்ணுவதை நிறுத்திவிட்டேன். எங்களைச் சுற்றி நான்கு வயதுப் பிள்ளைகள் ஈ மொய்ப்பது போலச் சறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

“நான் மேல போய் ரெண்டு தரம் இறங்கிட்டு வாறன்,” என்றாள் மகள். “இஞ்சையே நில்லுங்கோ. வேற ஒரு இடமும் போகாதேங்கோ. ஒரு இடமும்.”

அவள் மறையும்வரை மச்சாள் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தடியை நீட்டிச் சரிவின் மறுபக்கத்தைக் காட்டினார். அங்கே ஆறு பேர் அமரும் கதிரைகள் கம்பியில் தொங்கியபடி ஒன்றன்பின் ஒன்றாக வந்து, ஆட்களை அள்ளிக்கொண்டு மலைக்கு மேலே பறந்துகொண்டிருந்தன.

“அந்தக் கதிரை வசதியா இருக்கும் போல.”

“மச்சாள், மகள் ஒரு இடமும் போகவேண்டாமெண்டு சொன்னவள்.”

“அவ உமக்கு அம்மாவோ?”

நான் அவருக்குப் பின்னால் போனேன். வரிசையில் போய் நின்றோம். நின்றோம் என்பதுகூடச் சரியில்லை. அந்த இடம் மெல்லிய சரிவு, வரிசை தானாகவே எங்களை முன்னால் இழுத்துக்கொண்டு போனது. திரும்பிப் போக நினைத்தாலும் முடியாது. எங்களுக்குப் பின்னால் நின்ற குடும்பம் எங்கள் கால்களைப் பார்த்துவிட்டு, மரியாதையாக அடுத்த கதிரைக்கு ஒதுங்கியது. முன்னால் இருந்த சின்னப் படலை திறந்தது. ஆறு பேருக்கான இடத்தில் நாங்கள் இரண்டு பேர், நடுவில் ஒட்டிக்கொண்டு நின்றோம்.

கதிரை பின்னால் மெதுவாகத்தான் வந்தது. முழங்காலின் பின்பக்கத்தில் தட்டியது, உட்கார்ந்துவிட்டோம். தலைக்கு மேலிருந்த கம்பித் தடுப்பை இழுத்து மடிக்கு முன்னால் விட்டேன். இவ்வளவுதானா என்று நினைத்தேன். பேருந்தைவிட மெதுவாகப் போகிறதே என்று சொல்லக்கூட வாய் எடுத்தேன். இந்த வகை லிஃப்ட் ஆளை ஏற்றும்போது மட்டும் மெதுவாக வரும், ஏற்றி முடித்ததும் மேலே ஓடும் வேகமான கம்பியைக் கவ்விப் பிடிக்கும் என்று எங்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

கவ்வியது.

தரை காலடியிலிருந்து கழன்று பின்னால் போனது. முதுகு கதிரையோடு அழுந்தியது.

“எடியே!” என்று மச்சாள் கத்தினார். “பிடியடி! என்னைப் பிடியடி!”

பிடித்தேன். அவர் என் கையைப் பிடித்தார், நான் அவருடைய பின்னலைப் பிடித்திருந்தேன். இருபத்திரண்டு வருடத்தில் அவர் என்னை ‘அடி’ போட்டுக் கூப்பிட்டது அதுதான் முதல் தரம். அந்தப் பதற்றத்திலும் அது எனக்குக் கேட்டது.

பைன் மரங்களின் உச்சிகள் எங்கள் கால்களுக்குக் கீழே ஓடின. ஒவ்வொன்றின் மேலும் பனி மாவு கொட்டினது போலக் குவிந்திருந்தது. காற்று கன்னத்தில் அறைந்தது. காலில் தொங்கிய ஸ்கீகள், யாரோ கீழே நின்று இழுப்பது போலப் பாரமாக இருந்தன. தூணைக் கடக்கும்போதெல்லாம் கதிரை ‘கடகட’ என்று குலுங்கியது, எங்கள் இரண்டு பேரின் வாயிலிருந்தும் ஒரே நேரத்தில் ஒரு சத்தம் வந்தது. மூன்றாவது தூணில் அந்தச் சத்தம் சிரிப்பாக மாறிவிட்டது.

மச்சாள் சிரித்து நான் பார்த்திருக்கிறேன். கலியாண வீடுகளில் கையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பார். இது அதுவல்ல. விக்கலும் விசிலும் கலந்த ஒன்று, நிறுத்தவே முடியாமல் வந்தது.

“வயிறு கீழ நிண்டிட்டுதடி! நாங்கள் மட்டும் வந்திட்டம்!”

எனக்கு மூச்சு விட முடியவில்லை. பனிக்கண்ணாடிக்குள் கண்ணீர் நிறைந்து முன்னால் ஒன்றும் தெரியவில்லை. அதனால் இறங்கும் இடம் வந்ததையும் நாங்கள் காணவில்லை.

தடுப்பைத் தூக்கும்படி எழுதிய பலகை திடீரென்று முன்னால் வந்தது. நான் தூக்கினேன், மச்சாள் கீழே அழுத்தினார்.

“விடுங்கோ மச்சாள்! எழும்புங்கோ!”

“எப்ப?”

“இப்ப!”

அவர் ஒரு நொடி முந்தி எழும்பினார், நான் ஒரு நொடி பிந்தி எழும்பினேன். என் இடது ஸ்கீ அவருடைய இரண்டு ஸ்கீகளுக்கும் நடுவில் போனது. இரண்டு பேரும் ஒரே மூட்டையாக விழுந்து, கொஞ்ச தூரம் மூட்டையாகவே சறுக்கி, அந்த மேட்டின் ஓரத்தில் நின்றோம். லிஃப்ட் நின்றது. எங்களுக்குப் பின்னால் மலை முழுவதும் ஆட்கள் ஆகாயத்தில் அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தார்கள்.

மச்சாள் மல்லாக்கக் கிடந்தபடியே என் மணிக்கட்டைப் பிடித்து அமுக்கிப் பார்த்தார். “நோகுதோ? விரலை மடக்கும். சரி. எலும்பு ஒண்டும் உடையேல்லை.” இதைத் தாதியின் குரலில் சொல்லிவிட்டு, மறுபடியும் அந்த விக்கல் சிரிப்பைத் தொடங்கினார்.

மேல்நிலையத்தில் வேலை செய்த இளம்பெண் ஓடிவந்து எங்களைப் பிரித்து எடுத்தாள். அடி பட்டதா என்று கேட்டாள். பிறகு, இறங்குவதற்குப் பச்சைப் பாதைதான் ஆக இலகுவானது என்று கையைக் காட்டினாள். மச்சாள் ஓரத்துக்குப் போய் எட்டிப் பார்த்தார். பாதை வளைந்து காட்டுக்குள் இறங்கி மறைந்தது.

“இதுவோ இலகு?” என்றார் என்னிடம். அவளிடம் திரும்பி, நல்ல சுத்தமான நொர்வேஜியனில், வந்த கதிரையிலேயே திரும்பிப் போக முடியுமா என்று கேட்டார்.

முடியும் என்றாள். ஸ்கீகளைக் கழற்றி எங்கள் மடியில் வைத்து, எங்களை உட்கார்த்தி, கீழே இருந்தவருக்குக் கைவானொலியில் ஏதோ சொன்னாள். அதில் ‘இரண்டு பெண்கள்’ என்பது மட்டும்தான் காற்றின் இரைச்சலில் எனக்குக் கேட்டது.

ஏறும்போது மலையைப் பார்த்துப் போனோம். இறங்கும்போது எங்களுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை, வெறும் ஆகாயம். கதிரை கம்பியைக் கவ்வி வெளியே பாய்ந்தபோது ஒஸ்லோ நகரம் முழுவதும் காலுக்குக் கீழே விரிந்தது. குடாக்கடல் ஈயம் போல மின்னியது, அதில் தீவுகள் கறுப்புப் புள்ளிகளாகக் கிடந்தன. என் வீடு எந்தப் பக்கம் என்று தேடினேன். தலை சுற்றியதால் தேடுவதை விட்டேன்.

மலை ஏறுகிறவர்கள் எல்லோரும் எதிர்க் கம்பியில் வந்தார்கள். கீழே இறங்கும் கதிரைகளில் எங்களுடையதில் மட்டும்தான் ஆள். எல்லோரும் எங்களைப் பார்த்தார்கள். நான் தலையைக் குனிந்தேன். மச்சாள் கையை உயர்த்தி அசைத்தார். முதலாவது கதிரையில் இருந்தவர்கள் திகைத்துப்போய் அசைத்தார்கள். அடுத்த கதிரை சிரித்துக்கொண்டு அசைத்தது. அதற்குப் பிறகு வந்தவர்கள் அவருக்கு முன்னாலேயே அசைத்தார்கள்.

“கையைத் தூக்கடி. சும்மா இருந்தா மரியாதையில்லை.”

நானும் தூக்கினேன். அப்போது எதிரே வந்த கதிரையின் ஓரத்தில், பனிப்பலகையைத் தொங்கவிட்டபடி, மஞ்சள் தொப்பி ஒன்று எழும்பி நின்றுவிடும் போல முன்னால் சாய்ந்தது.

“அம்மா?!”

“கீழ போறம்!” என்று கத்தினேன். வேறு எதுவும் சொல்ல நேரமில்லை. இரண்டு கதிரையும் எதிரெதிராகப் பறந்து பிரிந்துவிட்டன.

கீழ்நிலையத்தில் தாடி வைத்த ஒருவர் எங்களுக்காகக் காத்து நின்று, மடியிலிருந்த ஸ்கீகளை வாங்கிக்கொண்டார். நான் எழும்பப் போனேன். மச்சாள் தடுப்பை விடவில்லை.

“அது கிளம்புது பாரும், அந்த இடம்,” என்றார் என்னிடம். “அந்தப் பாயிற இடம். இன்னொருக்கா.”

தாடிக்காரரைப் பார்த்து நொர்வேஜியனில், “இன்னும் ஒரு முறை, தயவுசெய்து,” என்றார். ஊசி போடும்போது அவர் நோயாளியிடம் பேசும் குரல் அதுவாகத்தான் இருக்க வேண்டும், மறுத்துப் பேச இடம் தராத குரல். தாடிக்காரர் சிரித்துக்கொண்டே கைவானொலியை எடுத்தார்.

கதிரை சுற்றி வந்தது. இந்த முறை என்ன வரப்போகிறது என்று எங்களுக்குத் தெரியும். கைகோத்துக்கொண்டு காத்திருந்தோம். கவ்வும் நொடியில் மச்சாள் தமிழில் “போ!” என்று கத்தினார், அது போனது. காலில் ஸ்கீ இல்லாததால் காலை ஆட்டிக்கொண்டு போனோம். இறங்க வேண்டும் என்ற பயமும் இல்லை. ஆறு பேர் இருக்கும் கதிரையில் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு நகர்ந்து நகர்ந்து இருந்து பார்த்தோம். மச்சாள் தோளில் குறுக்காக மாட்டியிருந்த பைக்குள்ளிருந்து ரோல்ஸ் எடுத்து எனக்கு ஒன்று தந்தார். ஆகாயத்தில், அந்த வேகத்தில், குளிர்ந்துபோன ஆட்டிறைச்சி ரோல்ஸ் சாப்பிட்டிருக்கிறீர்களா? பாதி காற்றோடு போய்விடும். மிச்சப் பாதிக்கு ஈடே கிடையாது.

நடுவழியில் கீழே சரிவிலிருந்து குரல் கேட்டது. மகள் சறுக்கி வந்து நின்று, தலையை அண்ணாந்து பார்த்தாள்.

“திரும்பவும் மேலயா?!”

“ஓம்!” என்று மச்சாள் அவளுடைய பெயரை முழுதாகச் சொல்லி, மலை கேட்கக் கூவினார்.

நாங்கள் மேலே சுற்றிக் கீழே வந்தபோது அவள் தாடிக்காரருக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். முகத்தைக் கடுமையாக வைத்திருக்க எவ்வளவோ முயன்றாள். மச்சாள் அவளிடம் போய், இரட்டைப் பின்னலோடு, ஒரு பிள்ளை மன்னிப்புக் கேட்பது போலத் தலையைச் சரித்தார். அதோடு மகள் உடைந்துவிட்டாள். பனியில் குந்தியிருந்து சிரித்தாள்.

பிறகு அவளே எங்களுக்கு ஸ்கீயை மாட்டிவிட்டாள். எங்களோடு கதிரையில் ஏறி நடுவில் இருந்து, “நான் சொன்னாப் பிறகு எழும்புங்கோ, அதுக்கு முதல் இல்லை,” என்றாள். மேலே மூன்று பேரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு, விழாமல், நின்றபடியே இறங்கினோம். அந்த இளம்பெண் கைதட்டினாள். பச்சைப் பாதையால் கீழே வந்துசேர ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது. அதில் பாதித் தூரத்தை நாங்கள் குண்டியால் வந்தோம்.

வீட்டுக்குத் திரும்பும் ரயிலில் மச்சாள் எனக்குப் பக்கத்தில் இருந்தார். மகள் எங்களுக்கு இரண்டு இருக்கை தள்ளி இருந்தாள். அங்கிருந்தபடியே குடும்பக் குழுவுக்கு ஒரு படம் அனுப்பினாள். சரிவிலிருந்து அண்ணாந்து எடுத்தது. நீல ஆகாயம், ஒரு கதிரை, அதிலிருந்து தொங்கும் நான்கு சப்பாத்தின் அடிப்பாகம். முகம் ஒன்றும் தெரியவில்லை.

‘இது ஆர்?’ என்று என் கணவர் உடனே கேட்டிருந்தார்.

மச்சாள் என் தொலைபேசியை வாங்கி, கண்ணாடியைப் போட்டு, படத்தைப் பெரிதாக்கி நீண்ட நேரம் பார்த்தார்.

“ரெண்டாவது கால் என்ர,” என்றார். “மற்ற மூண்டும் ஆற்றையெண்டு தெரியேல்லை.”

பெட்டியில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தோம்.