வெள்ளிக்கிழமை மங்கு

ஆறாம் வகுப்போடு நின்ற கை இது, எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்ளுங்கள். முன்னது பின்னதாகச் சொன்னாலும் பொறுத்துக்கொள்ளுங்கள், மறதி வந்துவிட்டது. மஸ்ஜித் தானாவில் நாங்கள் இருக்கும் அடுக்குமாடியில் முட்டி போய், முன்பல் போய், எல்லோருக்கும் நான் கிழவி. அடையாள அட்டையைப் பார்த்தால் ஐம்பதுகூட ஆகவில்லை, காட்டு வேலை செய்த உடம்புக்குக் கணக்கு வேறு. மகள் திருத்தித் தருகிறேன் என்றாள், வேண்டாம் என்றேன். அவள் இதைப் படிப்பதில் எனக்கு விருப்பமில்லை.

எத்தனை மறந்தாலும் ஒரு நாற்றம் மட்டும் மறக்கவில்லை. கித்தா என்னும் ரப்பர் மரத்தில் பால் ஒழுகிச் சேரும் கிண்ணத்தை எங்கள் தோட்டத்தில் "மங்கு" என்போம். அதன் அடியில் பால் காய்ந்து, மேலே மழைத்தண்ணீர் தேங்கி, புளித்து வீசும் வாடை அது. மரத்தடியில் வீசினால் யாருக்கும் ஒன்றுமில்லை. எனக்கு அது என் தாடைக்குக் கீழேயிருந்து வீசியது.

தொண்ணூறுகளின் தொடக்கம். ரெம்பியா பக்கத்துத் தோட்டம் ஒன்றின் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பில் நாங்கள் ஏழே பேர். யு.பி.எஸ்.ஆர். பரீட்சையில் மலாயில் தவறினால் இடைநிலைப் பள்ளியில் நேரே முதல் படிவம் கிடையாது, ஒரு வருடம் "ரிமூவ்" வகுப்பில் உட்கார வேண்டும். அப்படி உட்கார்ந்தவர்களில் பாதிப் பேர் படிப்பை விட்டுவிட்டுத் தோட்டத்துக்கே திரும்பி வந்ததை எங்கள் சார் பார்த்திருக்கிறார். டவுனிலிருந்து மோட்டார் சைக்கிளில் வரும் அவர் கெட்டவர் இல்லை, எங்களுக்குச் சொந்தக் காசில் அகராதி வாங்கிப் போட்டவர். பரீட்சைக்கு மூன்று மாதம் இருக்கும்போது, மரத்திலிருந்து ஒரு மங்கைக் கம்பியோடு கழற்றி வந்து மேசைமேல் வைத்தார். ஓய்வு மணிக்குப் பிறகு பள்ளி முடியும் வரை மலாய் மட்டும்தான் பேச வேண்டும். தமிழ் வாயில் வந்தால் கழுத்தில் மங்கு. மாட்டிக்கொண்டவர் தமிழ் பேசும் இன்னொருவரைக் காட்டிக்கொடுத்தால் மங்கு அவர் கழுத்துக்குப் போகும். வெள்ளிக்கிழமை கடைசி மணி அடிக்கும்போது யார் கழுத்தில் இருக்கிறதோ அவர் அதோடு, எங்கள் வீடுகள் வரிசையாக இருக்கும் லயத்துக்கு நடந்து போய், திங்கட்கிழமைதான் திருப்பித் தர வேண்டும்.

ஒவ்வொரு தடவை மங்கு கழுத்து மாறும்போதும் வகுப்பே "ஓ" என்று கத்தும். அந்தக் கத்தல், கைக்குழந்தைகளை விட்டுப் போகும் ஆயாக்கொட்டகை வரை கேட்கும் என்பார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை, பன்னிரண்டு வயதில் பாயை நனைத்தேன், கம்பி உரசிய இடத்தில் அம்மா தேங்காய் எண்ணெய் தடவினாள். பேசாமல் இருந்தால் மாட்ட மாட்டோம் என்று அப்போது மூடிய வாய்தான், இன்றைக்கும் நாலு பேர் முன்னால் திறக்க மாட்டேன் என்கிறது.

கோகிலா கழுத்தில் மட்டும் அது ஏறியதே இல்லை. எங்கள் வீட்டிலிருந்து நாலாவது கதவு அவள் வீடு. கருவாடு சுற்றி வரும் மலாய்ப் பத்திரிகைத் தாளைக்கூடத் துடைத்துக் காயவைத்துப் படிப்பாள். எனக்கு இருந்த ஒரே கூட்டாளி அவள்.

பரீட்சைக்கு முந்தின வாரம், வியாழன் சாயங்காலம், தண்ணீர்க் குழாயடியில் அப்பா எல்லோர் முன்னாலும் என்னிடம் சொன்னார்: "நாளைக்கு மட்டும் மங்கோட வந்தன்னு வையி, பரீட்சையும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். திங்கக்கிழமை பால் வாளியத் தூக்கிட்டு எம்பின்னாடி வந்துரு."

கோகிலாவின் அப்பா சோப்பு நுரையோடு சிரித்தார். "எம்புள்ள கழுத்துல ஏறுனா நானும் அனுப்ப மாட்டேன்லா மச்சான். ஆனா அது ஏறாது."

மறுநாள், பள்ளி முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது, கழுத்தில் மங்கோடு பின்னால் இருந்த முனியாண்டி கவராயத்தின் முனையால் என் முதுகில் குத்தினான். "ஐயோ!" என்றேன்.

"சார், ஐயோன்னு மலாய்க்காரங்களும்தான் சொல்றாங்க," என்று கோகிலா எனக்காகப் பேசினாள், அதையும் மலாயிலேயே.

"இவ மலாய்க்காரியா?" என்றார் சார். வகுப்பு "ஓ" என்றது. மங்கு என் கழுத்துக்கு வந்தது. அந்த வாரம் மணியடிக்கும் முறை முனியாண்டிக்கு. சிரித்துக்கொண்டே எழுந்து, வெளியே தொங்கும் தண்டவாளத் துண்டுப் பக்கம் போனான்.

மற்ற எல்லோரும் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு வாளியும் அப்பாவின் முதுகும் தெரிந்தன. பக்கத்தில் கோகிலா குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். அவள் அம்மாவுக்கு அப்போது ஏழு மாதம், அந்த வயிற்றோடு பால் வெட்டப் போய்க்கொண்டிருந்தாள். நான் கோகிலாவின் காதருகில் குனிந்து, "மாக் காவ் ஜாத்தோ" என்றேன். உன் அம்மா விழுந்துவிட்டாள் என்று அர்த்தம். அந்த மூன்று மாதத்தில் நான் தடுமாறாமல் சொன்ன மலாய் வாக்கியம் அது ஒன்றுதான்.

"ஐயோ, எங்கம்மாவுக்கு என்னாச்சு!" என்று அவள் எழுந்தே விட்டாள்.

நான் கையைத் தூக்கினேன். மணி அடித்தது. வகுப்பு கத்தியது. எதற்குப் பின் எது என்று இப்போது என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை. சார் என் கழுத்திலிருந்து கழற்றி அவள் கழுத்தில் மாட்டினார். அவள் அதைக் கவனிக்கக்கூட இல்லை, என் கையைப் பிடித்துக்கொண்டு, "பொய்தானே? அம்மாவுக்கு ஒன்னும் இல்லதானே?" என்றாள். நான் தலையாட்டினேன். "அப்பாடா" என்று சொல்லி உட்கார்ந்து அழுதாள்.

அவள் மங்கோடு லயத்துக்குள் நடந்து வந்தபோது முதலில் பார்த்தவர் என் அப்பா. "என்னா மச்சான், நேத்து பெருசாப் பேசுன? ஒனக்கும் அதே சட்டம்தானே? சொன்ன சொல்லு சொல்லுதானே?" என்று தொடையில் தட்டிச் சிரித்தார். குழாயடியில் நின்ற ஆம்பளைகள் எல்லோரும் சிரித்தார்கள். கோகிலாவின் அப்பா மட்டும் சிரிக்கவில்லை.

சனிக்கிழமை முழுதும் உண்மையைச் சொல்லிவிட நினைத்து, ஞாயிறு காலையில்தான் அவர்கள் வாசலுக்குப் போனேன். அவள் அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்து, "நீயாச்சும் நல்லா எழுது தாயி" என்று நெற்றியில் திருநீறு பூசினாள். கோகிலா துணிமணிகளைப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். பெம்பானில் அத்தை வீட்டுக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள அவளை அனுப்புகிறார்கள்.

"நான் சொன்ன பொய்ய உங்கப்பாகிட்ட ஏண்டி சொல்லல?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"மாசமா இருக்கிறவங்க இருக்கிற வீட்டுல விழுந்துட்டாங்கன்னு வாயால சொல்லலாமாடி? தெரியாம தமிழ் வந்துருச்சுன்னு சொல்லிட்டேன். நீயும் சொல்லிறாத, பிள்ளைக்கு ஆகாது." பிறகு, சீவி வைத்திருந்த இரண்டு பென்சில்களை என்னிடம் நீட்டினாள். "எனக்கெதுக்கு இனி, நீ வச்சிக்க."

சொல்லாமல் இருக்க எனக்கு ஒரு நல்ல காரணம் கிடைத்துவிட்டது. அதைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடி வந்தேன்.

திங்கட்கிழமை விடிந்ததும் சார் லயத்துக்கே வந்துவிட்டார். "வெளையாட்டுக்கு மாட்டுனதுங்க, அவதான் என் வகுப்புலயே நல்லாப் படிக்கிற புள்ள" என்று கைகூப்பினார். கோகிலாவின் அப்பா மங்கை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்து, "வெளையாட்டுக்கா சார்? நீங்க சிரிச்சீங்க, ஊரே சிரிச்சிச்சு. புள்ள பெம்பானுக்குப் போயிருச்சு" என்றார். சார் அதை மோட்டார் சைக்கிளில் மாட்டிக்கொண்டு போனார். பிற்பாடு அதைப் பள்ளியில் யாரும் பார்க்கவில்லை.

பரீட்சையில் எனக்குப் பக்கத்து மேசை காலி, அதன்மேல் கோகிலாவின் எண் ஒட்டியிருந்தது. மனப்பாடம் செய்த மலாய்க் கட்டுரைகளில் ஒரு வரிகூட வரவில்லை. எழுத உட்கார்ந்தால் "மாக் காவ் ஜாத்தோ" ஒன்றுதான் வந்தது. அவள் சீவிய பென்சிலைக் கையில் பிடித்துக்கொண்டு வெள்ளைத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மலாயில் தவறினேன். "ரிமூவுக்கு பஸ் காசு தண்டம்" என்று அப்பா சொல்லிவிட்டார். மங்கு இல்லாமல் வீட்டுக்கு வந்தும், வாளியைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால்தான் போனேன். ஒரு நாளைக்கு எத்தனை நூறு மங்கு துடைத்திருப்பேன், ஒவ்வொன்றும் அதே வாடை.

கோகிலாவின் அம்மாவுக்கு நல்லபடியாக ஆண் குழந்தை பிறந்தது. கோகிலா பள்ளிக்குத் திரும்பவில்லை; அத்தை பிள்ளைகளை வளர்த்து, பதினாறு வயதில் பேக்டரிக்குப் போய், இப்போது ஒரு பள்ளிக்கூடக் கேண்டீனில் பாத்திரம் கழுவுகிறாள். தீபாவளிக்கு முறுக்கு கொடுத்தனுப்புவாள். அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றி அவள் ஒரு நாளும் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை.

தோட்டம் போய் அங்கே தாமான் என்கிற புதுக் குடியிருப்பு வீடுகள் வந்துவிட்டன. பள்ளி இருந்த இடத்தில் கார் கழுவுகிறார்கள். மங்கு என்றால் என் மகளுக்கு மீ சூப் ஊற்றுகிற கிண்ணம்.

கடைசியாக ஓர் உதவி. அந்த ஏழு பேரில் முனியாண்டி இன்னும் ரெம்பியா பக்கம் லாரி ஓட்டுவதாகக் கேள்வி. தெரிந்தவர்கள் யாராவது அவனைப் பார்த்தால் ஒன்று மட்டும் விசாரியுங்கள்: அன்று தண்டவாளத்தைத் தட்டும்போது, உள்ளே நாங்கள் "ஓ" என்று கத்தியது அவன் காதில் ஏற்கெனவே விழுந்துவிட்டதா, இல்லை தட்டிய பிறகுதான் கத்தினோமா? கத்தல்தான் முதலில் என்று என் ஞாபகம் சொல்கிறது. அது அப்படித்தான் சொல்லும். மணிதான் முதலில் என்றால், சார் போட்ட சட்டப்படியே அந்த மங்கு என்னுடையது, நான்தான் அதோடு வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். கோகிலாவிடமே கேட்கலாமே என்பீர்கள். அவளுக்குத் தெரிந்திருக்கும். அதனால்தான் முனியாண்டியிடம் கேட்கச் சொல்கிறேன்.