ஜீரோவுக்குப் பயந்தவர்

குகட்பள்ளியில் அலுவலகப் பேருந்து ஏறியபோதுதான் எங்கள் குழுவின் மூத்த பொறியாளர் திலகவதி அவர்களின் கணவர் அழைத்தார். "அவ போயிட்டா தம்பி" என்றார். விடுமுறைக்குத் திருநெல்வேலி போனவருக்குக் காய்ச்சல். ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. துக்கத்துக்கு முன்னால் எனக்கு வந்தது பயம்தான். இனி எங்களுக்காகப் பயப்பட யார் இருக்கிறார்கள்?

அவர் பயந்த சுபாவம். லிஃப்டில் ஏறமாட்டார். ஆட்டோ வேகமெடுத்தால் கண்ணை மூடிக்கொள்வார். ஜெட் எஞ்சின் வடிவமைக்கும் இடத்தில் இப்படியொருவரா என்று சிரிப்போம். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்று அவர் காதுபடவே சொல்வேன். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

எஞ்சினில் காற்றை அழுத்தும் கம்ப்ரசர் சுழல்தண்டை முன்னே இழுக்கும். டர்பைன் பின்னே தள்ளும். ஒன்றையொன்று கழித்துக்கொண்டது போக மிஞ்சும் சுமையை இரும்புக் குண்டுகள் உருளும் ஒரே ஒரு பால் பேரிங் தாங்கவேண்டும். அந்தச் சுமையைக் குறைப்பது எங்கள் குழுவின் வேலை. ஒருமுறை, தரையிறங்கும் நிலைக்கான கணக்கு கிட்டத்தட்ட ஜீரோவில் வந்து நின்றது. சந்தோஷத்தில் எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. கொண்டாட ஈரானி சாயும் உஸ்மானியா பிஸ்கட்டும் வந்தன. அன்று மாலையே அறிக்கை வெளிநாட்டு வாடிக்கையாளருக்குப் போகவேண்டும்.

திலகவதி அவர்கள் மட்டும் சாயைத் தொடவில்லை. "ஜீரோவா? அதான் எனக்குப் பயமா இருக்கு."

"சுமையே இல்லைன்னா நல்லதுதானே அக்கா?"

"அமுங்காத குண்டு உருளாதுல்லா, சறுக்கும். தேய்ஞ்சு சூடேறும். எப்பவும் ஒரு பக்கமா அமுங்கித்தான் இருக்கணும். பைலட்டு வேகத்தக் குறைக்கையில சுமை பக்கம் மாறிட்டுன்னா? உள்ள அத்தன பேரு இருப்பாங்க."

மேலாளர் கத்தினார். ஆனாலும் அக்கா அறிக்கையில் கையெழுத்துப் போடவில்லை.

ஒவ்வொரு வேகத்துக்கும் மறுபடி கணக்கிட்டோம். அவர் பயந்த இடத்திலேயே சுமை திசை மாறியது. காற்றை அடைக்கும் வளையத்தின் விட்டத்தை மாற்றி, தண்டு எப்போதும் ஒரே பக்கம் அழுந்தும்படி செய்தோம். அறிக்கை தாமதமாகத்தான் போனது. அன்றிலிருந்து நான் நிம்மதியாக விமானம் ஏறியதில்லை.

அவரைக் கடைசியாகப் பார்க்க மதுரை வரை விமானத்தில்தான் போனேன். இறங்கும்போது எஞ்சின் சத்தம் தணிந்தது. பக்கத்து இருக்கைக்காரர் நிம்மதியாகச் சோம்பல் முறித்தார். நான் சக்கரம் தரையைத் தொடும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

போய்வாருங்கள் அக்கா. அடுத்த முறை ஜீரோ வந்தால், நானும் அந்தச் சாயைத் தொடமாட்டேன்.